தொப்பூர் இறக்கமும் டீசல் கணக்கும்

தருமபுரியிலிருந்து சேலம் வரும் லாரிக்காரர்களிடம் தொப்பூர் கணவாயைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றிவந்த லாரி ஒன்று இந்த இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து, முன்னால் இருந்த வாகனங்களை வரிசையாக நொறுக்கியது. நான்கு பேர் இறந்தார்கள். நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று போலீசார் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அப்படியும் கியரை எடுத்துவிட்டு வண்டியை உருளவிடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

திமிர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் புதிதாக ஸ்டியரிங் பிடித்த பையனுக்குத் திமிரைவிட டீசல் கவலைதான் பெரிது. பல லாரிகளில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓனர் ஒரு கணக்கு வைத்திருப்பார். டீசல் மிச்சமானால் டிரைவருக்கு லாபம். கூடுதலாகப் போனால் நடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது படியில் கை வைப்பார்கள். இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலை இல்லாமல் உருட்டினால் நாலு லிட்டர் மிஞ்சும் என்று யாரோ மூத்த டிரைவர் சொல்லிக்கொடுத்திருப்பார். அதுதான் அவன் கற்ற முதல் பாடம்.

பாடமே தப்பு. இன்றைய டீசல் எஞ்சின்களில், வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் செலுத்துவது நின்றுவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் போய்க்கொண்டே இருக்கும். ஆக, செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் போடுவதால் மிச்சம் எதுவும் இல்லை. ஆபத்துக்கோ குறைவில்லை. மூன்று அச்சுள்ள பத்து சக்கர லாரியின் மொத்த எடை 2018 முதல் 28.5 டன் வரை அனுமதிக்கப்படுகிறது. எஞ்சினின் பிடி இல்லாதபோது அத்தனை எடையையும் பிரேக் டிரம்கள்தான் தாங்க வேண்டும். அவை சூடேறச் சூடேற லைனிங்கின் பிடிப்பு குறையும். பயந்துபோய் பெடலை மிதித்து மிதித்து விட்டால் பிரேக்கை இயக்கும் டேங்கின் காற்று இறங்கும். மெதுவாக ஓடும் எஞ்சினால் அதை உடனே நிரப்ப முடியாது. கீழே வண்டி வரிசை தெரியும்போது மிதிக்கப் பிரேக் இருக்காது.

இதையெல்லாம் அவனுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

ஒரு காலத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிளீனராகத்தான் ஏறினார்கள். கண்ணாடி துடைப்பது, டயரைத் தட்டிப் பார்த்துக் காற்று அறிவது, ஜாக்கி போடுவது, ரிவர்ஸில் "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுப்பது என்று வருடக்கணக்கில் ஓடும். திட்டும் அடியும் சேர்ந்த படிப்பு அது; அதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் எந்த மேட்டில் எந்த கியர் என்பது ஸ்டியரிங்கைத் தொடுமுன்பே காதுக்குத் தெரிந்திருக்கும். செலவு கட்டுப்படியாகாமல் இன்று பல வண்டிகளில் கிளீனர் சீட் காலியாகிவிட்டது. அந்த இடத்தில் செல்போன் உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் கேட்பது வேறு. போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குமுன் இலகு ரக லைசென்ஸ் ஓராண்டாவது கையில் இருந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2019-இல் எடுத்துவிட்டார்கள். மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதிகளில் கனரக வாகனத்துக்கு ஆறு வாரம், 38 மணி நேரம் பயிற்சி. அதில் 22 மணி நேரம் வண்டி ஓட்டுவது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சி மையமும், கும்மிடிப்பூண்டியில் அரசு சார்ந்த சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியும் உண்டு. நல்ல இடங்கள்தான். ஆனால் லைசென்ஸ் எடுக்கிற எல்லோரும் அங்கே போவதில்லை. தெருமுனைப் பள்ளியில் காலி வண்டியை ஓட்டிக்காட்டி லைசென்ஸ் வாங்குகிறவனுக்கு, பாரம் ஏற்றிய வண்டி வளைவில் எப்படிச் சாயும் என்பது முதல் லோடு ஏற்றிய அன்றுதான் தெரியவரும்.

கயிறு கட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாயை விரித்து, முன்பக்கம் காற்றுப் புகாமல் மடித்து, கொக்கிக்குக் கொக்கி கயிற்றை இழுத்து இறுக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் போனதும் சரக்கு அமிழ்ந்து கயிறு தளர்ந்துவிடும். இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், இறக்கும் இடத்தில் நனைந்த மூட்டைக்கு வாடகையில் பிடிப்பார்கள். எந்தத் தேர்வுத் தாளிலும் இதற்குக் கேள்வி கிடையாது.

இப்படித் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு ரோட்டுக்கு வந்தவனுக்கு அடுத்த தலைவலி நிர்வாகம். லாரித் தொழிலில் அந்தச் சொல்லுக்கு ஓனரின் போன் என்று பொருள். ஜிபிஎஸ் வந்த பிறகு வண்டி நின்றால் உடனே மணி அடிக்கிறது.

"ஏண்டா தம்பி, ஒரு மணி நேரமா வண்டி ஒரே எடத்துல நிக்குது?"

"தூக்கம் கண்ணைக் கட்டுதுங்ணா. கொஞ்சம் சாஞ்சிருக்கேன்."

"பார்ட்டி போன் மேல போன் போடறாங்க. மூஞ்சியக் கழுவிட்டு எடு."

ஓனரைக் கெட்டவர் என்று எழுதிவிடவும் முடியாது. நாமக்கல் பக்கம் அவரே பலகாலம் டிரைவராக இருந்து கடனில் வண்டி வாங்கியவராக இருப்பார். மாதத் தவணை அவர் தலைமேல் நிற்கும். ஆனால் இதே அவசரம் குடோன் வாசலில் யாருக்கும் இருப்பதில்லை. லோடு இறக்க இரண்டு நாள் காத்துக் கிடந்தாலும் காத்திருப்புக்கான ஹால்டிங் பணம் ஒழுங்காக வருவதில்லை. வந்தாலும் டிரைவர் கைக்கு எவ்வளவு என்பது ஓனரின் மனசு. அங்கே இழந்த நேரத்தைத்தான் ராத்திரி ரோட்டில் ஈடுகட்டச் சொல்கிறார்கள்.

2025 வரை நடப்பில் இருந்த 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி ஓய்வு. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் அதன் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். சாலைப் பாதுகாப்பு அமைப்பான சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், களைப்போ தூக்கமோ இருந்தாலும் ஓட்டுவதாக ஏறக்குறைய பாதி டிரைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். உறவினர்கள் யாரையும் இந்த வேலைக்கு வரச்சொல்ல மாட்டோம் என்றவர்கள் நூற்றுக்கு 84 பேர்.

அப்படியானால் ஏன் ஓட்டுகிறார்கள்? பணம் மட்டும் காரணமில்லை. தலைக்கு மேல் மேஸ்திரி கிடையாது. வாரத்துக்கொரு மாநிலம். வடக்கே சப்பாத்தி அலுத்துப்போனால் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடித்து, தக்காளியும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்து, வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். சுகமான வேலை என்று மட்டும் சொல்ல முடியாது. கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதி 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு வந்திருக்கிறது; பழைய வண்டி கிடைத்தவனுக்கு எஞ்சின் சூடுதான்.

வீட்டைப் பிரிந்திருப்பதுதான் ஆளை அரிக்கிறது. அதைத் தீர்க்கப் பார்த்த நிறுவனம் ஒன்று உண்டு. 2014-இல் தொடங்கிய ரிவிகோ, ஒரே லாரியை இடத்துக்கு இடம் டிரைவர் மாற்றி ஓட்டியது. ஒருவர் நாலைந்து மணி நேரம் ஓட்டி அடுத்தவரிடம் ஒப்படைப்பார், எதிர்த்திசையில் வரும் வண்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புவார். ரோடு நெடுக வண்டிகளும் ஆட்களும் இருபக்கமும் லோடும் இருந்தால்தான் இது நடக்கும். 2022-இல் அதன் எக்ஸ்பிரஸ் சரக்குப் பிரிவை மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கியது. ஒற்றை வண்டி ஓனருக்கு இப்படி டிரைவர் மாற்றி ஓட்டுவது கட்டுப்படியாகாத ஏற்பாடு.

அதனால் புது டிரைவர்கள் தாங்களாகவே ஒரு வழி பார்த்துக்கொள்கிறார்கள். சில வருடம் நெடுந்தூர லைன் வண்டி ஓட்டுவது, பெண் பார்க்கத் தொடங்கும்போது காலேஜ் பஸ்ஸுக்கோ கான்கிரீட் மிக்ஸர் வண்டிக்கோ மாறிவிடுவது. அங்கே டீசல் கணக்கு டிரைவர் தலையில் விழுவதில்லை. சம்பளமும் மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது. லோடு இருந்தும் ஆள் இல்லாமல் ஷெட்டில் நிற்கிற வண்டிகளின் ஓனர்கள், பழைய டிரைவர்களுக்கே திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.