படிச்சதெல்லாம் பரீட்சையில மறந்து போகுதா? புத்தகத்தை மூடி வைச்சுப் படிங்க!
10-ம் வகுப்பு மாணவர்களுக்கும், படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

திருத்தணி:

"ராத்திரி 12 மணி வரைக்கும் படிச்சான் சார். ஆனா மார்க் மட்டும் வரல." 10-ம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளில் திருத்தணி வட்டாரத்துப் பள்ளிக்கூட வாசல்களில் பெற்றோர் புலம்புவது இதுதான். பிள்ளை பொய் சொல்லவில்லை. அவன் நிஜமாகவே படித்தான். படித்த விதத்தில்தான் கோளாறு.

மார்ச், ஏப்ரல் வந்தால் பரீட்சை. தமிழகம் முழுக்க 2025-ம் ஆண்டு 10-ம் வகுப்பு பொதுத் தேர்வில் 93.80 சதவீதம் பேர் பாஸ் ஆனார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 பேரில் 6 பேர் பெயில் என்பதும் அதே கணக்குதான். எழுதியவர்கள் 8 லட்சத்துக்கு மேல் என்பதால், அந்த 6 சதவீதம் 50 ஆயிரம் பிள்ளைகளைத் தாண்டும்.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை பக்கம் தறியை நம்பிப் பிழைக்கும் வீடுகள் ஏராளம். திருத்தணியில் மலைக்கோவிலை நம்பி பூ, மாலை, தேங்காய் விற்கும் குடும்பங்கள் உண்டு. விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்து சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. இந்த வீடுகளில் 10-ம் வகுப்பு பெயில் என்றால் "சரி, நாளையில இருந்து வேலைக்கு வா" என்ற பேச்சு உடனே எழுந்துவிடும். டியூசனுக்குப் பணம் கட்ட எல்லோராலும் முடியாது. ஆனால் காசு செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

திரும்பத் திரும்ப வாசித்தால் போதுமா?

நம்ம ஊரில் படிப்பு என்றால் புத்தகத்தைத் திறந்து வைத்து, சத்தம் போட்டு, ஒரே பக்கத்தை நாலு தடவை வாசிப்பது. நாலாவது தடவை வாசிக்கும்போது வரி எல்லாம் பழகின முகம் மாதிரி தெரியும். "எனக்கு வந்துடுச்சு" என்று மாணவன் புத்தகத்தை மூடிவிடுவான். பரீட்சை ஹாலில் புத்தகம் இருக்காது. பழகின முகம் இருந்தும் பேர் ஞாபகம் வராத கதைதான் அங்கே நடக்கும்.

இதை அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2006-ல் வெளியானது. ஒரு குழு மாணவர்கள் ஒரு பாடத்தை நாலு முறை படித்தார்கள். இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூடி வைத்துவிட்டு, ஞாபகத்தில் இருப்பதை மூன்று முறை எழுதிப் பார்த்தார்கள்.

5 நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு முறை படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். நாலு முறை படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் ஞாபகம் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் இருந்தது. படித்த உடனே வரும் தைரியத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதை விட சாட்சி வேண்டாம்.

எப்படிச் செய்வது?

ஒரு கேள்விக்கான பதிலை ஒரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும். புத்தகத்தை மூட வேண்டும். பழைய நோட்டின் காலிப் பக்கத்தில் ஞாபகம் வருவதை எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப் போனதை மட்டும் பென்சிலால் குறிக்க வேண்டும். மறுபடி மூடி, மறுபடி எழுத வேண்டும். அவ்வளவுதான்.

முதல் தடவை பாதிகூட வராது. அதைப் பார்த்து பயந்து விட்டுவிடக் கூடாது. வராமல் திணறி யோசிக்கும் அந்த நேரத்தில்தான் பாடம் மனதில் ஏறுகிறது.

ஒரே நாளில் பத்து தடவை எழுதுவதும் வீண். ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் என்பவர் தன் ஞாபக சக்தியைத் தானே சோதித்து 1885-ல் ஒரு புத்தகம் எழுதினார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்து போகிறது, அதன் பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்று அதில் காட்டினார். அதனால் இன்று படித்ததை நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தால் போதும்.

மலைக்கோவிலுக்கு 365 படி. வருசத்துக்கு 365 நாள் என்ற கணக்கோடு சேர்த்துத்தான் ஊரில் சொல்வார்கள். ஒரே மூச்சில் ஓடி ஏறினால் பாதியில் மூச்சு வாங்கும். நின்று நின்று ஏறுகிறவர் மேலே போய்ச் சேர்ந்துவிடுவார். படிப்பும் அதே மாதிரிதான்.

படிக்கத் தெரியாத அம்மாவும் டீச்சர் ஆகலாம்

"எனக்கு எழுத்தே தெரியாது, நான் என்னத்த சொல்லிக் கொடுக்க?" என்று தாய்மார்கள் ஒதுங்கிக் கொள்கிறார்கள். சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். கேட்டால் போதும்.

பூ கட்டிக் கொண்டோ, இட்லிக்கு மாவு அரைத்துக் கொண்டோ, "இன்னிக்கி என்ன படிச்ச? புக்கைப் பார்க்காம எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லட்டும். புரியாத இடத்தில் "அது ஏன் அப்படி?" என்று கேளுங்கள். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால் பிள்ளைக்குப் பாடம் வந்துவிட்டது என்று அர்த்தம். திக்கினால் எந்த இடத்தில் திக்கியது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். தினமும் 15 நிமிடம் போதும்.

அப்பா செய்ய வேண்டியதும் இருக்கிறது. சாயங்காலம் இரண்டு மணி நேரம் வீட்டில் டி.வி.யை அணைக்க வேண்டும். பிள்ளையின் கையில் இருக்கும் செல்போனை வாங்கி வைக்க வேண்டும். தன் செல்போனில் சத்தமாக வீடியோ பார்ப்பதையும் நிறுத்த வேண்டும். தேர்வு முடியும் வரை கடைக்கும் தறிக்கும் பிள்ளையைக் கூப்பிடாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

தூக்கமும் முக்கியம். படித்தது மனதில் பதிவது தூக்கத்தில்தான். இரவெல்லாம் கண் விழித்து டீ குடித்துப் படிக்கும் பிள்ளை, காலையில் ஹாலில் கொட்டாவி விடும். இரவு 10 மணிக்குப் படுத்து விடியற்காலை 5 மணிக்கு எழுவது நல்லது.

கணக்கில் 35 எங்கே இருக்கிறது?

10-ம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என 5 பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 100 வீதம் மொத்தம் 500 மார்க். ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் பாஸ். எல்லை தாண்டி ஆந்திராவில் நகரி பக்கம் உள்ள உறவுக்காரப் பிள்ளைகளுக்கு மொத்தம் 600 மார்க். இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

பல பிள்ளைகளுக்கு கணக்கு என்றாலே காய்ச்சல். ஆனால் வினாத்தாளைப் பிரித்துப் பார்த்தால் பயம் பாதியாகக் குறையும். ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க் கேள்வி 10 எழுத வேண்டும், 20 மார்க். ஐந்து மார்க் கேள்வி 10 எழுத வேண்டும், 50 மார்க். கடைசியில் எட்டு மார்க் கேள்வி இரண்டு, 16 மார்க்.

அந்த எட்டு மார்க் கேள்விகளில் ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம், அதாவது கிராப். ஸ்கேல், காம்பஸ், பென்சில் வைத்து வடிவொத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு என்று வரைந்து பழகினால் போதும். தலையைப் பிய்த்துக் கொள்ளும் வேலை இல்லை. கை பழகும் வேலை. தறி பழகின கைக்கு இது கஷ்டமே கிடையாது.

வடிவியலும் கிராப்பும் சேர்ந்து 16. புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகளை நன்றாகப் போட்டுப் பழகினால் 14-ல் 10 வாங்கலாம். ஆக 26. இன்னும் 9 மார்க் வேண்டும். ஒரு ஐந்து மார்க்கும் இரண்டு இரண்டு மார்க்கும் சரியாகப் போட்டால் 35 வந்துவிடும். கணக்கே வராது என்று ஒதுங்கிய பிள்ளைக்கு ஆரம்பிக்க வேண்டிய இடம் இதுதான். இங்கே கால் ஊன்றியபின் மேலே போகலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இரண்டு மார்க் பகுதியிலும் ஐந்து மார்க் பகுதியிலும் ஒவ்வொரு கட்டாய வினா உண்டு. அதைத் தொடாமல் விட்டால் அந்த மார்க் போனதுதான்.

அறிவியலில் செய்முறை

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறைத் தேர்வு 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15, இரண்டும் சேர்ந்து 35 வேண்டும். செய்முறைத் தேர்வு பொதுத் தேர்வுக்கு முன்பே நடந்துவிடும். "உறவுல கல்யாணம், ஊருக்குப் போயிட்டோம்" என்று அன்றைக்கு லீவு போட்டால், எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் பாஸ் கிடையாது. தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

வீட்டில் தெலுங்கு, பரீட்சையில் தமிழ்

1960 ஏப்ரல் 1-ல்தான் திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் இங்கே வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் அதிகம். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி, 1-ம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயமாகி, 2016-ல் 10-ம் வகுப்பை எட்டியது. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு நீதிமன்ற உத்தரவுகளால் சில ஆண்டுகள் விலக்கும் கிடைத்தது. உங்கள் பிள்ளை எந்த மொழித் தாளை எழுத வேண்டும் என்பதைத் தலைமை ஆசிரியரிடம் நேரில் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

தமிழ் எழுதத் தடுமாறும் பிள்ளைகள் தினமும் 10 நிமிடம் பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்து, அதில் ஐந்து வரியைப் பார்க்காமல் எழுதிப் பழகினால் எழுத்துப் பிழை குறையும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் டிஸ்லெக்சியா பாதிப்பு உள்ளவர்களுக்கும், பார்வை, கை குறைபாடு உள்ளவர்களுக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளை அரசு தருகிறது. மருத்துவச் சான்றோடு பள்ளி மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கிய பின் ஓடினால் வேலைக்கு ஆகாது.

தேர்வு அன்று

அண்மை ஆண்டுகளில் காலை 10 மணிக்கு வினாத்தாள் தருகிறார்கள். முதல் 10 நிமிடம் படிக்க, அடுத்த 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க. 10.15-க்கு எழுதத் தொடங்கி 1.15-க்கு முடிக்க வேண்டும்.

கையில் 180 நிமிடம். கணக்குத் தேர்வில் ஒரு மார்க்குக்கு 20 நிமிடம், இரண்டு மார்க்குக்கு 40, ஐந்து மார்க்குக்கு 70, வடிவியல், கிராப்புக்கு 35 என்று பிரித்தால் 165 ஆகும். மீதி 15 நிமிடம் சரிபார்க்க. ஒரு கணக்கில் மாட்டிக் கொண்டால் இடம் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விட வேண்டும்.

நீலம் அல்லது கறுப்பு மையில்தான் எழுதவும் அடிக்கோடிடவும் வேண்டும். படம் வரைய பென்சில். பதிலுக்கு முன்னால் கேள்வி எண்ணைத் தவறாமல் போட வேண்டும். தேர்வு முடிந்ததும் வாசலில் நின்று "உனக்கு என்ன விடை வந்துச்சு?" என்று பேசுவது வேண்டாம். முடிந்த பரீட்சை முடிந்ததுதான். அடுத்த பாடத்தைப் பார்க்க வேண்டும்.

பெயில் ஆனால்?

முதலில் ஒன்று. திட்டாதீர்கள், அடிக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ரிசல்ட் வந்த சில வாரங்களில் துணைத் தேர்வு நடக்கும். விட்ட பாடத்தை மட்டும் எழுதி, பாஸ் ஆகி, அந்த வருசமே பிளஸ்-1-லோ ஐ.டி.ஐ.யிலோ சேரலாம். ஒரு வருசமும் வீணாகாது. மார்க் குறைந்ததாகச் சந்தேகம் இருந்தால் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளியிலேயே விவரம் சொல்வார்கள்.

ரிசல்ட் நாளன்று பிள்ளையைத் தனியே விடாமல் வீட்டில் யாராவது ஒருவர் கூடவே இருங்கள். சாப்பிடாமல், பேசாமல் அடைந்து கிடந்தால் 104 அல்லது 14416 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம். 24 மணி நேரமும் பேசுவார்கள். பள்ளிக் கல்வி சம்பந்தமான சந்தேகங்களுக்கு 14417.

இதே திருத்தணியில் 1888 செப்டம்பர் 5-ந் தேதி பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், உதவித்தொகையில் படித்துத்தான் ஜனாதிபதி வரை உயர்ந்தார். எல்லோரும் ஜனாதிபதி ஆக வேண்டியதில்லை. ஆனால் 10-ம் வகுப்பு பாஸ் என்ற ஒரு வரி இருந்தால், தறியில் உட்காருவதா, ஐ.டி.ஐ.யில் சேருவதா, காலேஜுக்குப் போவதா என்று முடிவு செய்யும் உரிமை பிள்ளையின் கையில் இருக்கும்.

அதற்கு இன்று இரவே ஒரு வேலை செய்யலாம். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையின் கையில் இருக்கும் புத்தகத்தை வாங்கி மூடுங்கள். "இப்ப சொல்லு, கேக்கறேன்" என்று சொல்லுங்கள்.