நான்கு பந்திகள், பதினைந்து வினாக்கள்: சீனப் பதின்வயதினரின் கோடை விடுமுறை

சீனாவில் யூலை மாதத்தின் முதல் இரு வாரங்களுக்குள் பெரும்பாலான பாடசாலைகள் கோடை விடுமுறைக்காக மூடப்படுகின்றன. மீண்டும் திறப்பது செப்டெம்பர் முதலாம் திகதியளவில். இடைப்பட்ட ஏழு, எட்டு வாரங்களும் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காலம் என்று எண்ணிவிட முடியாது. விடுமுறை தொடங்கும்போதே 'ஷுஜியா சுவோயே' எனப்படும் விடுமுறை வீட்டுப்பாடமும் கையில் கொடுக்கப்பட்டுவிடும். சீன மொழி, கணிதம், ஆங்கிலம் என்று பாடத்துக்கொரு கட்டு. ஆங்கிலக் கட்டைப் பிரித்தால் திரும்பத் திரும்ப வருவது ஒரே அமைப்புத்தான்: ஒரு பந்தி, அதன் கீழே சில வினாக்கள், ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள். எங்கள் பாடசாலைகளில் கிரகித்தல் என்று சொல்வோமே, அதுதான்.

அந்நிய மொழியில் எழுதப்பட்ட முந்நூறு சொற்களை விளங்கிக்கொள்வதில் ஒரு பிள்ளையின் எதிர்காலம் இவ்வளவு தூரம் தங்கியிருப்பது ஏன் என்பதற்கு, சீனாவின் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையைப் பார்க்கவேண்டும். 'காவோகாவோ' எனப்படும் இப்பரீட்சை ஒவ்வோர் ஆண்டும் யூன் 7 ஆம் திகதி தொடங்குகிறது. 2024 இல் இதற்கு விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 34 இலட்சத்து 20 ஆயிரம் பேர். இலங்கையின் மொத்தச் சனத்தொகையில் பாதியை விட இது அதிகம். மொத்தப் புள்ளிகள் 750. அதில் சீன மொழிக்கு 150, கணிதத்துக்கு 150, ஆங்கிலத்துக்கும் 150. தாய்மொழிக்குச் சமமான இடம் ஆங்கிலத்துக்கு எப்போதும் இருந்ததல்ல. கலாசாரப் புரட்சியோடு 1966 இல் நின்றுபோன இப்பரீட்சை 1977 இல் மீண்டும் தொடங்கியபோது, பெரும்பாலான துறைகளுக்கு ஆங்கிலப் புள்ளி கணக்கிலேயே எடுக்கப்படவில்லை. பின்னர் படிப்படியாகக் கூட்டப்பட்டு 1983 இலேயே முழுப் புள்ளியும் சேர்க்கப்பட்டது.

இன்று பல மாகாணங்களில் பயன்படும் புதிய வினாத்தாளில் கேட்டலுக்கு 30, வாசிப்புக்கு 50, மொழிப் பயன்பாட்டுக்கு 30, எழுத்துக்கு 40 என்று புள்ளிகள் பிரிக்கப்பட்டுள்ளன. காகிதத்தில் வாசிப்புக்கு மூன்றில் ஒரு பங்குதான் என்று தோன்றும். ஆனால், மொழிப் பயன்பாடு என்பதும் ஒரு பந்தியை வாசித்து அதன் இடைவெளிகளை நிரப்புவதுதான். எழுத்துப் பகுதியின் 25 புள்ளிகள் ஒரு முடிவில்லாத கதையை வாசித்துவிட்டு அதைத் தொடர்ந்து எழுதுவதற்கு உரியவை. கதையைத் தவறாக விளங்கிக்கொண்ட பிள்ளை எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை. ஆகவே வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்குக் கேட்டல் பகுதியைத் தவிர மற்ற எல்லாமே நடுங்கும்.

இதற்கு முன்பே, தரம் 9 முடிவில், 'ஜோங்காவோ' என்றொரு பரீட்சை இருக்கிறது. பதினைந்து வயதில் எழுதும் இப்பரீட்சையில் பாதிக்குச் சற்று அதிகமானவர்களே பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் சாதாரண உயர்நிலைப் பாடசாலைகளுக்குச் செல்கிறார்கள். ஏனையோர் தொழிற்பாடசாலைகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். பல பெற்றோர் காவோகாவோவை விட இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

வாசிப்புப் பகுதியில் நான்கு பந்திகள், பதினைந்து வினாக்கள். முதற்பந்தி பெரும்பாலும் ஓர் அறிவித்தலாக இருக்கும்: அருங்காட்சியகம் திறக்கும் நேரம், முகாமுக்கு விண்ணப்பிக்கும் முறை போன்றவை. இரண்டாவது பெரும்பாலும் யாரோ ஒருவரின் அனுபவம். மூன்றாவதும் நான்காவதும் அறிவியல், சமூகம் பற்றிய கட்டுரைகள். பெரும்பாலும் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தவற்றைச் சுருக்கி எடுத்தவை. அதன் பின் ஐந்து வசனங்கள் நீக்கப்பட்ட இன்னொரு பந்தி வரும். கீழே தரப்பட்ட ஏழு வசனங்களிலிருந்து சரியான ஐந்தைத் தெரிந்து பொருத்தவேண்டும். இரண்டு வசனங்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்ட பொறி.

பயிற்சி நூல்கள் இதற்கென்று நுட்பங்களைச் சொல்லிக்கொடுக்கின்றன. முதலில் வினாவை வாசி, முக்கிய சொல்லுக்குக் கீழே கோடிடு, பந்தியில் அந்தச் சொல்லைத் தேடு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனத்தை மட்டும் கவனி. 'ஐந்தாண்டு காவோகாவோ, மூன்றாண்டு மாதிரி' என்ற தடித்த பயிற்சி நூலை அறியாத மாணவர் சீனாவில் அரிது. சுருக்கமாக அதை 'ஐந்து மூன்று' என்பார்கள். இந்த நுட்பங்கள் பொய்யல்ல. நேரடியான தகவலைக் கேட்கும் வினாக்களுக்கு அவை போதும். ஆனால், எழுதியவரின் மனப்பாங்கு என்ன, இந்தப் பந்திக்குப் பொருத்தமான தலைப்பு எது என்று கேட்கும்போது தேடுவதற்குச் சொல் இருக்காது. அங்கே விளங்கியிருக்கவேண்டும்.

விளங்குவதற்கு எத்தனை சொற்கள் தெரிந்திருக்கவேண்டும்? மார்செல்லா ஹூ, போல் நேஷன் ஆகிய இருவரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. யாருடைய உதவியுமின்றி ஒரு கதையை வாசித்து விளங்க, பெரும்பாலானவர்களுக்கு அதிலுள்ள சொற்களில் 98 வீதம் தெரிந்திருக்கவேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டுமே புதிதாக இருக்கலாம். முந்நூறு சொற்கள் கொண்ட பந்தியில் ஆறு புதிய சொற்கள் என்றால் சமாளிக்கலாம். பதினைந்து என்றால், 95 வீதம் தெரிந்திருந்தும், பலருக்குப் பந்தி கைநழுவிவிடும். சீனப் பாடவிதானம் தரம் 9 முடிவில் சுமார் 1,600 சொற்களையும், காவோகாவோ எழுதும்போது சுமார் 3,000 சொற்களையும் எதிர்பார்க்கிறது. மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டிப்பு. அதனாலேயே தரம் 9 க்கும் 10 க்கும் இடைப்பட்ட விடுமுறையைச் சீனப் பெற்றோர் வெறுமனே விட்டுவிட விரும்புவதில்லை.

சொற்கள் எல்லாம் தெரிந்தும் வசனம் விளங்காமல் போவதுண்டு. இதைத் தமிழ் வாசகர்கள் மற்றவர்களை விட எளிதாக உணர்வார்கள். 'நேற்று சந்தையில் மீன் விற்ற கிழவியின் மகன்' என்று நாம் சொல்கிறோம். சீனரும் ஏறக்குறைய இதே ஒழுங்கில்தான் சொல்வார்கள்: நேற்று, சந்தையில், விற்ற மீன், கிழவியின், மகன். மீனும் விற்றலும் மட்டுமே இடம் மாறும். நாம் 'விற்ற' என்று பெயரெச்சமாக்கும் இடத்தில் அவர்கள் 'த' என்ற ஒரு சிறு சொல்லை வைப்பார்கள். இரு மொழிகளிலும் ஆளைப் பற்றிய விபரமெல்லாம் முதலில் வந்து, ஆள் கடைசியில்தான் வருவான். ஆங்கிலமோ இதை முற்றாகத் தலைகீழாக்குகிறது. மகன் முதலில் வருகிறான்; பின்னர் கிழவி, விற்றது, மீன், சந்தை, கடைசியில் நேற்று. தமிழ் வசனத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல.

இந்த ஆறு சொல் தொடரே இப்படியென்றால், ஒரு விஞ்ஞானக் கட்டுரையில் நாற்பது சொற்களில் நீளும் வசனத்தில் என்ன நடக்கும்? எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் இரண்டு கிளை வசனங்கள் புகுந்துவிடும். தாய்மொழியில் விபரத்தைச் சேர்த்துக்கொண்டு போய் இறுதியில் பெயரோடு கட்டிப் பழகிய மூளை, பெயரை முதலில் பிடித்துக்கொண்டு விபரத்தைப் பின்னால் தொங்கவிடப் பழகவேண்டும். சீன ஆசிரியர்கள் இத்தகைய வசனங்களுக்கு 'சாங் நான் ஜூ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'நீண்ட கடின வசனம்' என்பது பொருள். கிளை வசனங்களை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு முதலில் எலும்புக்கூட்டை மட்டும் வாசிப்பது, பின்பு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது என்பதே பயிற்சி. விடுமுறையில் நாளுக்கு ஒரு வசனம் என்று செய்யச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு இதுவே இருப்பவற்றுள் மிகப் பயனுள்ள பயிற்சியாகத் தோன்றுகிறது. ஐம்பது வினாத்தாள்களை விடவும். சீன வினைச்சொற்கள் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை என்பது இன்னொரு தொல்லை. நடந்ததா, நடக்கப்போவதா என்பதை ஆங்கில வினைச்சொல்லின் வாலில் கண்டுபிடிக்கவேண்டும். அந்த வகையில் நமக்குச் சற்று இலகு.

இப்படி ஒரு வசனத்தைப் பிரித்து மேய்வது 'ஜிங்து', ஆழ்ந்த வாசிப்பு. இதற்கு மறுபக்கமாக 'ஃபான்து' என்றொன்று உண்டு. அகராதியைத் தொடாமல், வினா எதுவும் இல்லாமல், கதைக்காக நிறைய வாசிப்பது. தரம் 7 முதல் 9 வரையான காலத்தில் பாடநூலுக்கு வெளியே மொத்தம் 1,50,000 ஆங்கிலச் சொற்களாவது வாசிக்கவேண்டும் என்கிறது அரசாங்கப் பாடவிதானம். பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், மூன்றாண்டுகளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 140 சொற்களும் வராது. இதற்கென்றே 'ஷு சொங்', அதாவது புத்தகப் பூச்சி என்ற பெயரில் மெல்லிய நூல்கள் வருகின்றன. ஒக்ஸ்ஃபோர்ட் பதிப்பகத்தின் எளிமைப்படுத்தப்பட்ட கதைகளைச் சீன மொழிபெயர்ப்போடு சேர்த்துப் பீஜிங்கில் வெளியிடுகிறார்கள். படிநிலைகளாகப் பிரித்திருப்பதால் 98 வீதக் கணக்கு ஓரளவு காப்பாற்றப்படுகிறது. கூடவே அகராதிப் பேனா என்றொரு கருவியும் வந்துவிட்டது. அச்சிட்ட சொல்லின் மேல் இழுத்தால் பொருள் திரையில் வரும். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இல்லாத பிள்ளைக்கு அது பெரிய துணை. ஆனால், ஒவ்வொரு சொல்லுக்கும் பேனாவை இழுக்கும் பிள்ளை, பொருளை ஊகிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளாது. பரீட்சை மண்டபத்துக்குள் பேனா வராது.

முன்பெல்லாம் இந்தக் கோடைகாலப் பயிற்சிகள் தனியார் கல்வி நிலையங்களில் நடந்தன. ரியூஷன் என்பது எமக்கும் புதிதல்ல. சீனாவில் அது பங்குச்சந்தை வரை வளர்ந்த தொழிலாக இருந்தது. 2021 யூலை 24 அன்று அரசாங்கம் 'இரட்டைக் குறைப்பு' என்ற கொள்கையை வெளியிட்டது. வீட்டுப்பாடத்தையும் ரியூஷனையும் குறைப்பது நோக்கம். தரம் 9 வரையான மாணவர்களுக்கு வார இறுதியிலும் விடுமுறையிலும் பாடம் சொல்லிக்கொடுத்து இலாபம் ஈட்டுவது தடைசெய்யப்பட்டது. வெளிநாட்டிலிருந்தபடி இணையவழியில் கற்பித்த ஆங்கில ஆசிரியர்களும் நிறுத்தப்பட்டனர். வினாவைப் படம் பிடித்தால் விடை காட்டும் செயலிகளும் தப்பவில்லை. சிந்தனையைச் சோம்பலாக்குகின்றன என்று அதே ஆவணம் குற்றஞ்சாட்டியது. நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான நியூ ஓரியண்டலின் நிறுவுநர் யூ மின்ஹொங், அந்த ஓராண்டில் 60,000 ஊழியர்களை நிறுத்தியதாகப் பின்னர் அறிவித்தார். இவரே காவோகாவோவில் இரு தடவைகள் தோற்று, மூன்றாம் தடவை பீக்கிங் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர். அவருடைய நிறுவனத்தின் ஆங்கில ஆசிரியர்கள் சிலர் இணைய நேரலையில் அரிசியும் பழமும் விற்கத் தொடங்கினார்கள். டொங் யூஹுய் என்ற ஆசிரியர் 2022 யூனில் வெண்பலகையில் ஆங்கிலச் சொல் எழுதிக் காட்டியபடியே பொருள் விற்று நாடறிந்தவரானார்.

பரீட்சை மாறவில்லை, 150 புள்ளியும் அப்படியே இருந்தது. ஆகவே ரியூஷன் மறைந்துபோகவில்லை, ஒளிந்துகொண்டது. வீட்டோடு தங்கும் ஆசிரியர், சில குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்குப் பிடிக்கும் ஆசிரியர், 'உயர்தர வீட்டுப் பராமரிப்பு' என்ற பெயரில் வரும் ஆசிரியர் என்று கல்வி அமைச்சே 2021 செப்டெம்பரில் பட்டியலிட்டுத் தடைசெய்யவேண்டியிருந்தது. 2023 ஒக்டோபர் 15 முதல் இவற்றுக்கு 1,00,000 யுவான் வரை தண்டப்பணம் விதிக்க விதிகள் வந்தன. ஒளித்துச் செய்யும் வேலைக்கு எப்போதும் விலை அதிகம். முன்பு நாற்பது பேரோடு வகுப்பிலிருந்து பணம் கட்டிப் படித்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையால் தனி ஆசிரியரை வைத்துக்கொள்ள முடியாது. நோக்கம் நல்லதுதான். ஆனால், கோடை விடுமுறையின் சுமை கல்வி நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இனி அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

சீனக் கிராமங்களில் தாயும் தகப்பனும் தொலைநகரத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட, ஊரில் விடப்பட்ட பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 2018 ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கின்படி 69 இலட்சத்து 70 ஆயிரம் பேர். அவர்களில் 96 வீதமானோர் அம்மம்மா, அப்பப்பாமாருடன் வாழ்ந்தார்கள். சிச்சுவான், அன்ஹுய், ஹுனான் போன்ற மாகாணங்களில் இவர்கள் அதிகம். அந்த வீடுகள் எப்படியிருக்கும் என்று இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அங்கே உணவு இருக்கும், அன்பு இருக்கும். ஆங்கிலப் பந்தியை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க ஆள் இருக்காது.

விடுமுறையில் கற்றது எவ்வளவு மறந்துபோகிறது என்பதை அமெரிக்காவில் ஹரிஸ் கூப்பரும் சக ஆய்வாளர்களும் 1996 இல் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக ஒரு மாதப் படிப்பு இழக்கப்படுகிறது என்றும், வாசிப்பில் வறிய பிள்ளைகளே அதிகம் இழக்கிறார்கள் என்றும் கண்டார்கள். அளந்த முறை பற்றிப் பின்னர் கேள்விகள் எழுந்தாலும் பிரச்சினை பொய்யாகிவிடவில்லை. அதுவும் தாய்மொழி வாசிப்பைப் பற்றிய கணக்கு. சுற்றிலும் ஒருவரும் பேசாத ஒரு மொழியில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம்.

யூலை வந்ததும் இப்பிள்ளைகளில் பலர் ரயிலேறிப் பெற்றோர் வேலை செய்யும் நகரங்களுக்குப் போகிறார்கள். 'சின்ன வலசைப் பறவைகள்' என்று சீனப் பத்திரிகைகள் இவர்களை அழைக்கும். பெற்றோர் வேலைக்குப் போன பின் வாடகை அறையில் கைத்தொலைபேசியோடு தனித்திருப்பவர்கள் பலர். சில நகரங்களில் தொழிற்சங்கங்களும் குடியிருப்புக் குழுக்களும் இவர்களுக்கென இலவச வகுப்புகள் நடத்துகின்றன. ஊரிலேயே நின்றுவிடும் பிள்ளைகளைத் தேடிப் பல்கலைக்கழக மாணவர்கள் போகிறார்கள். விடுமுறையில் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பும் இந்த வழக்கம் தொண்ணூறுகளிலிருந்து நாடளாவிய திட்டமாக இருக்கிறது. இரண்டு, மூன்று வாரங்கள் கிராமப் பாடசாலையில் தங்கி, பாட்டும் விளையாட்டும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் போன பிறகும் விடுமுறை முடிவதில்லை. ஓகஸ்ட் மாதம் அப்படியே மிச்சமிருக்கும். விடுமுறை வீட்டுப்பாடக் கட்டில் பாதிப் பந்திகளும்.