தொண்டும் கடப்பாடும்: டெபியன் பொதிப் பராமரிப்பாளர்க்குரிய நெறிகள்

கூலிக்குப் பணிபுரிவோனைக் கூலி கட்டுப்படுத்தும். அரசாணைக்கு உட்பட்டோனைச் சட்டம் கட்டுப்படுத்தும். இவ்விரண்டும் இன்றித் தானே விரும்பி ஒரு பணியை மேற்கொண்டோனைக் கட்டுப்படுத்துவது யாது? கோயிற் பணி முதல் வாசிகசாலை நடத்துதல் ஈறாகத் தொண்டு நிகழும் இடமெங்கும் எழுகின்ற வினா இது. கணினி உலகில் இவ்வினாவுக்கு எழுத்திலும் நடைமுறையிலும் விடைகாண முயன்ற அமைப்புக்களுள் டெபியன் தலையாயது. அதன் தொண்டர் பின்பற்றும் நெறிகளையும், அவற்றின் காரணங்களையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் டெபியன் யாதென அறிதல் வேண்டும். கணினி இயங்குவதற்கு அடிப்படையாயுள்ள மென்பொருட்டொகுதி பணிசெயல் முறைமை எனப்படும். மூலநிரலை யாவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையளிப்பன திறந்த மூல மென்பொருள்கள். உலகின் பல பாகங்களிற் பலர் தனித்தனியே ஆக்கிய இத்தகைய மென்பொருள்களைத் திரட்டி, அவை ஒன்றோடொன்று முரணாது இயங்குமாறு இசைத்து, முழுமையான ஒரு முறைமையாக வழங்குவதே டெபியனின் பணி. அமெரிக்காவிலே பேடியூ பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த இயன் மேர்டொக் என்பார் 1993 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 16 ஆந் திகதி இதனைத் தொடக்கினார். பின்னர்த் தம் மனைவியாரான டெப்ரா என்பாரின் பெயரையும் தம் பெயரையும் இணைத்தே அவர் இதற்குப் பெயரிட்டார். 2023 ஆம் ஆண்டு யூன் மாதம் வெளிவந்த 12 ஆம் பதிப்பில் 64,000 இற்கு மேற்பட்ட பொதிகள் அடங்கியிருந்தன. உபுண்டு முதலிய வேறு பல முறைமைகள் இதனை அடியாகக் கொண்டே எழுந்தன.

பொதி என்பது வெறும் நிரல் அன்று. நிரலோடு அதனை நிறுவும் முறை, அது சார்ந்து நிற்கும் பிற பொதிகளின் பட்டியல், பதிப்புரிமைக் குறிப்பு, மாற்றங்களின் வரலாறு ஆகிய யாவும் சேர்ந்த தொகுப்பே பொதியாகும். ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாளராக ஒருவரோ ஒரு குழுவினரோ பெயர் குறிக்கப்பட்டிருப்பர். அவரே பராமரிப்பாளர். பெரும்பாலும் அவர் அம்மென்பொருளை ஆக்கியவர் அல்லர். நூலாசிரியனுக்கும் வாசகனுக்கும் இடையே நிற்கும் பதிப்பாசிரியனைப் போன்றவர். ஆக்கியோனுக்கு உண்மையாகவும் பயன்கொள்வோனுக்குத் துணையாகவும் இருத்தல் அவர்தம் இரட்டைக் கடமை.

இனி, இத்தொண்டர்க்கும் அமைப்புக்கும் உள்ள தொடர்பை நோக்குவாம். 1998 ஆம் ஆண்டில் நிறைவேறிய டெபியன் யாப்பு, எவரும் எப்பணியையும் செய்தே தீரவேண்டுமென வற்புறுத்தப்படார் என விதிக்கின்றது. ஒருவர் தமக்கு விருப்பமில்லாத பணியை விட்டுவிடலாம். ஆயின், விதிகளுக்கும் முறையாக எடுத்த முடிவுகளுக்கும் எதிராகச் செயற்படலாகாது. உரிமை இவ்வளவு விரிந்து கிடப்பதனாலேயே நெறிகள் இன்றியமையாதன ஆயின. இந்நெறிகள் பெரும்பாலும் இரண்டு நூல்களில் உள்ளன. ஒன்று கொள்கை நூல்; பொதி எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பதை இது வரையறுக்கும். கட்டாயமானவை, செய்யத்தக்கவை, விருப்பிற்கு விடப்பட்டவை என விதிகளைத் தரம் பிரித்துக் கூறுதல் இதன் சிறப்பு. மற்றையது மேம்படுத்துவோர்க்கான துணைநூல். பராமரிப்பாளர் எங்ஙனம் ஒழுகுதல் வேண்டும் என்பதை இது விளக்கும்.

நெறிகளுள் முதலாவது, செய்ததற்குப் பெயரிட்டுப் பொறுப்பேற்றல். பொதியிற் செய்த மாற்றங்கள் யாவை, எதற்காகச் செய்யப்பட்டன, செய்தவர் யார், எந்நாளில் என்பன பொதியின் உள்ளேயே எழுதப்படும். களஞ்சியத்துக்கு அனுப்பும்போது அனுப்புவோர் தம் மறைகுறித் திறவுகோலினால் ஒப்பமிடுவர். அத்திறவுகோல் அவருடையதே என்பதைப் பிற உறுப்பினர், பெரும்பாலும் நேரிற் கண்டு அடையாளம் சரிபார்த்து, உறுதி செய்திருப்பர். உறுப்பினர் அல்லாத புதியவரும் பொதியை ஆக்கலாம். ஆயின், அனுபவமுள்ள ஒருவர் அதனை ஆராய்ந்து தம் ஒப்பத்துடன் அனுப்பிவைப்பார். இவ்வாற்றால், மாணவன் ஒருவனுக்கும் இத்துறையின் வாயில் திறந்தே உள்ளது.

இரண்டாவது, வழுக்களை ஒளியாமை. மென்பொருளிற் காணும் குற்றத்துக்குத் தமிழில் வழு என்னும் இலக்கணச் சொல்லையே வழங்குகின்றோம். 1997 ஆம் ஆண்டில் டெபியன் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தின் வாக்குறுதிகளுள் ஒன்று, குறைகளை மறைக்கமாட்டோம் என்பது. யார் முறையிட்டாலும் அம்முறையீடு யாவரும் காணுமாறு பதியப்படும். முறையிட்டவர்க்கு மறுமொழி கூறுதலும், வழுவின் கடுமையை மதிப்பிடுதலும், திருத்தியபின் இன்ன பதிப்பில் திருத்தப்பட்டது எனக் குறித்தலும் பராமரிப்பாளரின் கடன். மிகக் கடுமையான மூன்று தரங்களுட் பட்ட வழுவுடைய பொதி புதிய வெளியீட்டிற் சேர்க்கத் தகுதியற்றதாகக் கொள்ளப்படும். திருத்தவேண்டா எனத் துணிந்த வழுவையும் காரணங் காட்டி அவ்வாறே குறித்துவைத்தல் மரபு. இலக்கணத்தார் வழுவமைதி கொண்டதை இஃது ஒருவாறு நினைவூட்டும்.

மூன்றாவது, மூல ஆசிரியரோடு இணங்கிப் பணியாற்றுதல். பராமரிப்பாளர் செய்யும் திருத்தம் பொதியளவில் நின்றுவிடாது மூலத்தையும் சென்றடைதல் வேண்டும். இதன் இன்றியமையாமையை உணர்த்த ஒரு நிகழ்ச்சி போதும். ஓப்பின் எஸ்எஸ்எல் என்பது கணினிகளுக்கிடையே செல்லும் செய்திகளை மறைகுறியாக்க உதவும் மென்பொருள். அதன் டெபியன் பொதியிலே 2006 ஆம் ஆண்டில் ஒரு திருத்தம் நிகழ்ந்தது. நினைவகப் பிழைகளைச் சோதிக்கும் கருவியொன்று எச்சரித்தமையால், அவ்வெச்சரிக்கைக்குக் காரணமான வரிகள் நீக்கப்பட்டன. செய்தவர் நல்லெண்ணத்தோடு செய்தார். மூலநிரலை ஆக்குவோரிடம் கேட்டதும் உண்டு. ஆயினும் கேள்வியும் விடையும் ஒன்றையொன்று முழுதும் தழுவவில்லை. திருத்தமும் மூலத்திற் சேர்ந்து பலர் கண்ணிற் படாது பொதியிலேயே தங்கிற்று. நீக்கிய வரியோ, எவரும் ஊகிக்கவியலாத எண்களை ஆக்குவதற்கு உயிர்நாடியாய் இருந்தது. அது நீங்கவே, எண்ணற்ற வகையில் அமையவேண்டிய திறவுகோல்கள், ஒரு வகைக்கு 32,768 என்னும் சிற்றெல்லைக்குள் அடங்கின. இக்குறை ஏறத்தாழ 20 மாதங்கள் எவராலும் உணரப்படாமலே இருந்தது. லூசியானோ பெல்லோ என்பார் கண்டுபிடிக்க, 2008 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆந் திகதி டெபியன் தானே அதனை உலகறிய அறிவித்தது. இடைக்காலத்தில் அப்பொதியால் ஆக்கிய திறவுகோல்களைக் கைவிட்டுப் புதியன ஆக்க நேர்ந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது, திருத்தம் பலர் பார்வைக்கு உட்படுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நான்காவது, படிப்படியாக வெளியிடுதல். புதிய பொதி முதலில் நிலையற்ற தொகுதியைச் சேரும். அங்கே, மாற்றத்தின் அவசரத்துக்கேற்பப் பொதுவாக 2, 5 அல்லது 10 நாள்கள் தங்கி, கடுமையான புதிய வழு காணப்படாவிடத்துச் சோதனைத் தொகுதிக்குச் செல்லும். சோதனைத் தொகுதி உரிய காலத்திற் செப்பஞ் செய்யப்பட்டு நிலையான வெளியீடாகும். வெளியீட்டின்பின் பாதுகாப்புக் குறைகளும் பெருங்குற்றங்களும் திருத்தப்படுமேயன்றி, புதுமை கருதி எதுவும் மாற்றப்படாது. விரைவை விரும்பும் இளைஞர்க்கு இது சலிப்பூட்டலாம். ஆயின், மருத்துவமனையிலும் வங்கியிலும் இயங்கும் கணினிக்கு வேண்டுவது புதுமை அன்று, உறுதி.

ஐந்தாவது நெறி, பொதியைத் தன் உடைமையெனக் கருதாமை. இதுவே ஏனையவற்றினும் கடினமானது. பராமரிப்பாளர் கவனியாத கடுமையான வழுவைப் பிறரொருவர் திருத்தி அனுப்ப முறை உண்டு. அங்ஙனம் அனுப்புவோர் செய்ததைப் பராமரிப்பாளர்க்கு அறிவித்து, அவர் தடுக்க விரும்பின் தடுப்பதற்குச் சில நாள் அவகாசமும் அளித்தல் நன்று. பிறர் கைபட்டமை பதிப்பெண்ணாலேயே விளங்கும், 1.5-2 என்றிருந்தது 1.5-2.1 ஆகும். நெடுங்காலம் பேணப்படாத பொதியை மீட்க விரும்புவோர் வெளிப்படையாக அறிவித்து 21 நாள் காத்திருந்து பொறுப்பேற்கலாம். விடுமுறையிற் செல்வோர் முன்னரே சொல்லிச் செல்லுமாறும், உதவி வேண்டுவோர் தயங்காது கேட்குமாறும், பணியைத் தொடர இயலாதோர் பொதியை அநாதையென முறைப்படி அறிவித்து விலகுமாறும் துணைநூல் வேண்டுகின்றது. விலகுதல் இங்கே குற்றம் அன்று. சொல்லாமல் விலகுதலே குற்றம்.

சுமையைத் தனியே தாங்குவதன் அபாயம் 2024 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. எக்ஸ் இசட் என்னும் கோப்புச் சுருக்கும் மென்பொருளின் மூலத்தை, டெபியனுக்குப் புறத்தே, பல்லாண்டுகளாகப் பெரும்பாலும் ஒருவரே பேணிவந்தார். அவர் தளர்ந்திருந்த வேளையிற் சிலர் விரைந்து செய்யுமாறு நெருக்கினர். புனைபெயர் பூண்டவரெனக் கருதப்படும் ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேல் உதவிபுரிந்து நம்பிக்கை பெற்று, இணைப் பொறுப்பும் ஏற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளிற் கள்ளவாயிலொன்றை மறைத்துவைத்தார். தொலைவிலிருந்து கணினியுட் புகுவதற்கு வழக்கத்தினும் அரை விநாடி மிகுதியாகச் செல்வதை, டெபியனின் நிலையற்ற தொகுதியைப் பயன்படுத்திய அன்றெஸ் புரொயின்ட் என்னும் பொறியியலாளர் கவனித்தார். காரணத்தைத் தேடிச் சென்று கள்ளவாயிலைக் கண்டு, மார்ச் 29 ஆந் திகதி பகிரங்கமாக அறிவித்தார். அக்கேட்டுப் பதிப்புகள் நிலையற்ற தொகுதியையும் சோதனைத் தொகுதியையும் எட்டியிருந்தன. நிலையான வெளியீட்டை எட்டவில்லை. படிப்படியாக வெளியிடும் நெறி இங்கே அரணாய் நின்றது. துணையின்றித் தளர்ந்தவரிடத்தே நம்பிக்கையைக் களவாடுதல் எளிது என்பதும், உதவ வருவோரையும் ஆராய்ந்தே தெளிதல் வேண்டும் என்பதும் இந்நிகழ்ச்சி புகட்டும் பாடங்கள்.

ஊதியம் பெறாத தொண்டர்மீது இத்துணை விதிகளைச் சுமத்துதல் முறையோ என வினவுவாரும் உளர். விதிகள் மிகுந்தாற் புதியவர் அஞ்சி ஒதுங்குவர் என்பது மெய்யே. எனினும், இவ்விதிகளுட் பெரும்பாலான தொண்டரிடம் மேலும் உழைப்பைக் கேட்பன அல்ல. உழைப்பை வெளிப்படையாகச் செய்யுமாறும், இயலாதபோது பிறர்க்கு வழிவிடுமாறுமே கேட்பன. முகமறியாத மக்கள் பலர் தம் கணினியை இயக்கும்போது, முகமறியாத ஒருவரின் கவனத்தை நம்புகின்றனர். அந்நம்பிக்கையை அவர் கேட்டுப் பெறவில்லை. ஆயினும், தம் பெயரைப் பொதியில் எழுதிய கணமே அதனை ஏற்றவராகின்றார்.

எனவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகும். விரும்பி மேற்கொண்ட பணியை விட்டுவிடும் உரிமை தொண்டனுக்கு என்றும் உண்டு. அப்பணியை ஏற்றிருக்கும் வரையில் அதனை ஒளிவின்றிச் செய்தலும், விடுமிடத்துப் பிறர் கையில் ஒப்படைத்து விடுதலும் அவனது கடப்பாடு. பொதியைப் பேணுவோர்க்கு மட்டுமன்றி, பொதுப்பணி எதனையும் தோளிலேற்க விழையும் மாணவர்க்கும் இது பொருந்துவதாகும்.