வரப்போகும் தண்ணீரின் கணக்கு

இரணைமடுக் குளத்தில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்பது கிளிநொச்சியில் வயல் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்ற பேச்சே அதில்தான் தொடங்குகிறது. ஆனால் குளத்து அளவுகோல் காட்டுவது வந்து சேர்ந்த தண்ணீரை மட்டும். வரப்போவது வவுனியாப் பக்கமிருந்து கனகராயன் ஆற்றில் ஓடிவந்துகொண்டிருக்கும். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இரணைமடுவின் வான்கதவுகள் திறந்த நேரம் பற்றி விசாரணையே நடந்தது.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலும் வரப்போகும் தண்ணீர் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அங்கே தண்ணீர் பனியாகக் கிடக்கிறது. அமெரிக்கன் ஆற்றுப் படுகையில் 1,500 மீற்றருக்கு மேலான பகுதியில் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் கம்பியில்லா உணரிகளைப் பரப்பினார்கள். கம்பத்து உச்சியிலுள்ள உணரி கீழே ஒலியை அனுப்பும். எதிரொலி திரும்பும் நேரம் பனியின் உயரத்தைச் சொல்லும். மரநிழலில் ஓர் அளவு, வெட்டவெளியில் வேறோர் அளவு என்பதால் ஒரு கம்பம் போதாது. கம்பத்துக்குக் கம்பம் தகவல் தாவி, கடைசியில் அலுவலகத்துக்குப் போகும்.

அதே உணரியைக் கனகராயன் ஆற்றுப் பாலத்தின் அடியில் பொருத்தினால் ஆற்றுமட்டம் தெரியும். இங்கே வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 20 பாகை செல்சியசில் ஒலி செக்கனுக்கு 343 மீற்றர் போகும். 35 பாகையில் சுமார் 352. இதைத் திருத்தாவிட்டால் 5 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் பிழைக்கும். அதனால்தான் உணரியின் பெட்டிக்குள் வெப்பமானியும் இருக்கிறது.

சியராவில் மண்ணின் ஈரத்தையும் அளக்கிறார்கள். காய்ந்த மண் முதலில் தான் குடிக்கும், மிச்சம்தான் ஆற்றுக்கு. வன்னியில் அந்த வேலையில் பெரும்பங்கு சிறுகுளங்களுடையது. மேலேயுள்ள குளங்கள் வற்றியிருந்தால் முதல் மழை அவற்றோடு நின்றுவிடும். எல்லாம் வான் பாய்கிறபோது அதே மழை பெய்தால் இரணைமடுவுக்கு வரும் தண்ணீர் பலமடங்கு. ஆகவே மழைமானிகளோடு அந்தச் சிறுகுளங்களிலும் மட்டம் பார்க்கும் உணரிகள் வேண்டும் என்பேன். வான்கதவைத் திறக்கும் நேரத்தை முன்கூட்டி முடிவுசெய்ய அந்தக் கணக்குத்தான் உதவும்.

தானியங்கி மழைமானிக்குள் சிறு இரட்டைக் கிண்ணம் ஒன்று இருக்கும். 0.2 மில்லிமீற்றர் மழைக்கு ஒருமுறை கவிழும். கவிழும்போது காந்தம் ஒரு சுவிட்சுக்கு அருகே கடந்து அதை இயக்கும். புனல்வாயைச் சருகோ குளவிக்கூடோ அடைத்துவிட்டால் கொட்டும் மழையிலும் அது ‘மழையில்லை’ என்றே அறிவிக்கும். காட்டுக்குள் நட்டுவிட்டு மறப்பதைவிட, பள்ளிக்கூட வளவிலும் கமநல சேவை நிலையத்திலும் நட்டு, மாரிக்கு முன் துப்புரவாக்க ஊரில் ஒருவரைப் பொறுப்பாக்குவதே நல்லது.