'டைவர்ட்' என்னும் சொல்

மொழிபெயர்ப்புத் தாள்களைத் திருத்தும்பொழுது, ஆங்கிலத்தில் 'டைவர்ட்டிங்' என்ற அடையோடு வந்த கதையை ஒரு மாணவர் 'திசைதிருப்பும் கதை' என்று எழுதியிருக்கக் கண்டேன். 'மகிழ்வூட்டும் கதை' என்பதே சரியென்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அடித்தது முறைதானா என்னும் ஐயம் பின்னர் எழுந்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

'டைவர்ட்' என்னும் வினைச்சொல் இலத்தீனத்திற் பிறந்து, பிரெஞ்சின் வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. இலத்தீனில் 'வெர்த்தெரே' என்றால் திருப்புதல். அதன்முன் வரும் ஒட்டு, வேறாக, விலக என்னும் பொருளைத் தரும். செல்லும் வழியினின்றும் விலக்கி வேறு பக்கம் திருப்புதல் என்பதே அடிப்படைப் பொருள். ஆற்று நீரையும் போக்குவரத்தையும் திருப்பிவிடுதற்கு இன்றும் இச்சொல்லே வழங்குகின்றது. நிதியைத் திருப்புவது பற்றிப் பேசும்பொழுது மட்டும் அதன் தொனி சற்றுக் கசக்கும்!

மகிழ்வித்தல் என்னும் பொருள் 17ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. கவலையில் அழுந்திய மனத்தை அதனின்றும் திருப்புவதே மகிழ்வித்தல் எனக் கொண்டனர். அந்நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் (1623–1662) இதனை ஐயுற்று நோக்கினார். தன் நிலையை எண்ணிப் பார்க்க அஞ்சியே மனிதன் வேட்டையிலும் சூதாட்டத்திலும் மனத்தைச் செலுத்துகின்றான் என்பது அவர் கருத்து.

இச்சொல்லின் சுற்றம் பெரிது. மணவிலக்கைக் குறிக்கும் 'டைவோர்ஸ்' இதே வினையடியாகப் பிறந்தது. அதன் இலத்தீன் மூலம், பாதை பிரியுமிடத்தையும் மலைமுகட்டில் நீர் இருபுறமும் பிரிந்தோடும் இடத்தையும் குறித்தது. செய்யுளைக் குறிக்கும் 'வெர்ஸ்' என்பதும் உறவே. உழவன் சாலின் முடிவில் ஏரைத் திருப்புவது, பின்னர் எழுத்தின் வரியாகி, செய்யுளடியாயிற்று. வடமொழியில் சுழலுதல், திரும்புதல் என்னும் பொருளுடைய 'வ்ருத்' என்னும் வேர் இதற்கு உடன்பிறப்பு. அவ்வேரினின்று வந்ததே நாம் வழங்கும் 'விருத்தம்' என்னும் பாவினப் பெயர். ஆங்கில 'வெர்ஸ்' நம் விருத்தத்திற்குத் தூரத்து உறவு என்பதை எத்துணைப் பேர் எண்ணியிருப்போம்?

தமிழில் 'பொழுதுபோக்கு' என்பதில் காலம் கழிகின்றது; மனம் திரும்பும் குறிப்பு இல்லை. ஆயின், அழும் குழந்தைக்குத் தாய் காக்கையையும் நிலவையும் காட்டுவதைப் 'பராக்குக் காட்டுதல்' என்கின்றோம். அழுகையினின்றும் மனத்தைத் திருப்புவதும், மகிழச் செய்வதும் அந்த ஒரு தொடரிலேயே அடங்கிவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லின் இருபொருளையும் ஒருங்கே தாங்க இதனினும் பொருத்தமான தொடரை யான் அறியேன்.

அம்மாணவர் எழுதியது வழக்கிற்கு ஒவ்வாததுதான். எனினும் சொல்லின் வேரைத் தொட்டிருந்தார். அரை மதிப்பெண்ணேனும் தந்திருக்கலாம். யான் அகராதியைப் புரட்டி முடிப்பதற்குள் விடைத்தாட் கட்டு அனுப்பப்பட்டுவிட்டது.