அச்சத்தின் பாரபட்சம்

போதைப் பொருள்களைக் குறித்துச் சமூகம் கொள்ளும் அச்சம், பெரும்பாலும் அவற்றை உட்கொள்பவர் யார் என்பதைப் பார்த்தே கூடவும் குறையவும் செய்கிறது என்பதற்குப் பெங்களூரின் சரித்திரத்தைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது.

முதலில் நாடளாவிய கஞ்சா விவகாரத்தைப் பார்ப்போம். கஞ்சா பிடிப்பவர்கள் சித்தம் கலங்கிப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளை நிரப்புகிறார்கள் என்னும் புகார் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரையில் எட்டியதன் விளைவாக, 1893-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழுவினர், ஆஸ்பத்திரிப் பதிவேடுகளையும் வரவழைத்துச் சோதித்தபோது ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. தெருவில் அலைந்தவனைப் பிடித்து வந்த போலீசார், நோய்க்குக் காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விடலாகாதே என்று கஞ்சாவென்று எழுதிவைக்க, அதுவே வைத்தியரின் அபிப்பிராயமாகி, பின்னர் சர்க்கார் புள்ளிவிவரமாகவும் பதவி உயர்வு பெற்றிருந்தது. 1892-இல் இவ்விதம் குறிக்கப்பட்ட 222 பேரில், தீர விசாரித்த பின் எஞ்சியவர்கள் 98 பேரே. மிதமான உபயோகத்தால் பொதுவாகக் கெடுதல் இல்லையென்றும், பூரணத் தடை அவசியமில்லையென்றும் அக்குழு முடிவு கூறியது.

ஆயினும் போதைப் பொருள்கள் குறித்த 1961-இன் சர்வதேச உடன்படிக்கையை ஏற்ற இந்தியா, 1985-இல் அவற்றைத் தடுக்கக் கடுமையான சட்டமொன்றை இயற்றியது. பூங்கொத்தாகிய கஞ்சா குற்றமாயிற்று; அதே செடியின் இலையில் அரைக்கும் பாங்கு அச்சட்டத்தின் பிடிக்குள் வரவில்லை.

இனிப் பெங்களூருக்கு வந்து சாராயத்தைப் பார்ப்போம். 1981-ஆம் ஆண்டு ஜூலையில் அந்நகரில் விஷச் சாராயம் அருந்திய ஏழை எளியவர்கள் முந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் கலந்திருந்த மெத்தில் ஆல்கஹால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண்பார்வையைப் பறித்து, பிறகு உயிரையும் வாங்கக்கூடியது. 2007 ஜூலையில் கர்நாடக அரசாங்கம் பாக்கெட் சாராயத்துக்குத் தடை விதித்தது. ஆனால் ஓராண்டு நிறைவதற்குள், 2008 மே மாதத்தில், ஆனேக்கல், கோலார், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் கள்ளச்சாராயம் நூற்றைம்பது பேருக்கு மேல் பலிகொண்டது. மலிவான சரக்கை நிறுத்திவிட்டு, உயர்ந்த விலைச் சரக்கைக் கடையில் அடுக்கி வைத்தால், கூலிக்காரன் எங்கே போவான் என்பதை எவரும் முன்கூட்டி யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த மரணங்கள் சில வாரங்களில் மறக்கப்பட்டன. 2020-இல் கன்னடத் திரையுலகைச் சேர்ந்த சிலர் போதைப் பொருள் வழக்கில் கைதானபோதோ, மாதக்கணக்கில் தொலைக்காட்சிகள் வேறு பேச்சறியாமல் அலறின. 2019-இல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வின்படி, இந்நாட்டில் மது அருந்துவோர் ஏறக்குறைய 16 கோடி. கஞ்சா, பாங்கு வகைகளை உபயோகிப்போர் சுமார் 3 கோடி. கூச்சலின் விகிதமோ இதற்கு நேர்மாறானது.

கஞ்சாவும் ஹெராயினும் தீங்கற்றவை என்று இதனால் பொருள் கொள்ளலாகாது. அவற்றின் பிடியிலிருந்து மீள முயல்வோர்க்குச் சிகிச்சை தேவையென்பதற்காகவே பெங்களூர் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிலையத்தில் தனிப் பிரிவு இயங்குகிறது. அடிமைப்பட்ட ஒருவர், சிறிய அளவு பொருளோடு பிடிபட்டாலும், தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவே வழி வகுத்திருக்கிறது. கைதுச் செய்திகளை நாள் தவறாமல் வெளியிடும் பத்திரிகைகள் இந்தப் பிரிவையும் அதே ஊக்கத்தோடு எடுத்துச் சொல்லியிருந்தால், பிள்ளையின் நிலையை ஊரார் அறிவார்களே என்று அஞ்சி மறைத்து வைக்கும் பெற்றோரில் சிலராவது காலதாமதமின்றி வைத்தியரை நாடியிருப்பார்கள்.