பழைய ரேடியோ உதிரிக்குப் புதிய கிராக்கி

புது தில்லி: செங்கோட்டைக்கு எதிரே உள்ள பழைய லாஜ்பத் ராய் சந்தை மின்னணு உதிரி பாகங்களுக்குப் பெயர்பெற்றது. இத்தகைய சந்தைகளிலும், மூடப்பட்டுவிட்ட ரேடியோ பழுதுபார்க்கும் கடைகளின் தகர டப்பாக்களிலும் தேங்கிப்போன ஒரு பொருளை இன்று கடல் கடந்தும் தேடுகின்றனர். 'ஏசி 128' வகை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்தான் அது. தேடுவோர் ரேடியோ பிரியர்கள் மட்டுமல்லர், கிதார் கலைஞர்களும்தான்.

மின் கிதாரின் நாதத்தைக் கரகரப்பாக்க, காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிக்கு 'ஃபஸ் பெடல்' என்று பெயர். அது பிறந்ததே ஒரு கோளாறில். 1961ல் வெளியான மார்ட்டி ராபின்ஸ் பாடல் ஒன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவானபோது கருவி பழுதடைந்து, கிதார் உடைந்த குரலில் ஒலித்தது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பிழையையே வேண்டும்போது எழுப்பும் கருவியாக்கினார். 1962ல் கிப்ஸன் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1965ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' வெளியான பிறகே விற்பனை சூடுபிடித்தது. மறு ஆண்டு லண்டனில் அறிமுகமான 'ஃபஸ் ஃபேஸ்', ஜிமி ஹென்ட்ரிக்ஸால் புகழ்பெற்றது.

அந்தப் பெட்டியைத் திறந்தால் ஏமாற்றமே மிஞ்சும். 2 டிரான்சிஸ்டர்கள், 4 மின்தடைகள், 3 மின்தேக்கிகள், 2 திருகுகள், அவ்வளவுதான். பள்ளி மாணவனும் ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம். ஆனால் அதே ஒலி கிடைக்காது. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் ஒன்றைப்போல் ஒன்று அமைவதில்லை. மின்பெருக்கமும் மின்கசிவும் ஒவ்வொன்றிலும் வேறுபடும். போதாக்குறைக்கு வெப்பமும் சேரும். தில்லியின் மே மாத வெயிலில் காலையில் இனித்த பெடல் பிற்பகலில் தொண்டை கட்டிக்கொள்ளும். 1960களின் இறுதியில் நிலையான சிலிக்கான் வந்தபின் தயாரிப்பாளர்கள் நிம்மதியடைந்தனர். இசைக் கலைஞர்கள் பலர் மட்டும் பழைய குழைவு போயிற்று என்று இன்றும் குறைப்படுகின்றனர். கிதாரின் ஒலித்திருகைச் சற்றுக் குறைத்தால் கரகரப்பு மறைந்து நாதம் தெளிவது, நல்ல ஜெர்மேனியம் பெடலின் தனிக் குணம்.

இதில் இந்தியாவின் பங்கு பலர் அறியாதது. பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் 1954ல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் (திருச்சி 'பெல்' வேறு), 1962லேயே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களைத் தயாரிக்கத் தொடங்கியது. ஐரோப்பிய நிறுவனங்கள் பயன்படுத்திய அதே 'ஏசி 128' குறியீட்டுடன் அவை வந்தன. வீட்டு ரேடியோவுக்காகச் செய்யப்பட்ட பொதுத்துறைப் பண்டம், ராக் இசைக்கும் உரியதாகும் என்று அன்றைய திட்டமிடுவோர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஷில்லாங்கின் 'ஃபென்டோன்ஸ்' உள்ளிட்ட குழுக்கள் 1970, 71ல் 'சிம்லா பீட்' போட்டிகளில் முழங்கிய காலம், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலமும்கூட. எஞ்சிய 715 பொருள்கள் மீதான அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரலில்தான் நீங்கியது.

இன்று பணம் கொடுத்தால் எந்த நாட்டு பெடலும் கிடைக்கிறது. கிடைக்காதது நல்ல ஜெர்மேனியம்தான். பழைய கையிருப்பே கதி, அதுவும் கரைகிறது. கடைகள் மூடப்படும்போது டப்பாக்கள் காயலான் கடைக்குப் போகின்றன. 2022 ஜனவரி 6ஆம் தேதி லாஜ்பத் ராய் சந்தையில் மூண்ட தீயில் கடைகள் பல எரிந்தன.

செமிகண்டக்டர் உற்பத்திக்கு மத்திய அரசு 2021 டிசம்பரில் ரூ.76,000 கோடி திட்டத்தை அறிவித்தது. இது பற்றிய பேச்சில் 1989ல் மொஹாலி அரசு ஆலையைத் தீ விழுங்கிய சோகம் தவறாமல் இடம்பெறும். பெங்களூரில் அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய உற்பத்திக்கும் அங்கே சிறிது இடம் தரலாம்.

கிராக்கி வந்தால் போலியும் வரும். சிலிக்கான் டிரான்சிஸ்டரில் பழைய குறியீட்டை அச்சிட்டு விற்போர் உண்டு. மீட்டர் வைத்துப் பார்த்தால் சிலிக்கான் 0.6 வோல்ட் அளவில் நிற்கும், ஜெர்மேனியம் 0.2, 0.3 என்று காட்டும். அனுபவசாலிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. மின்கசிவை அளக்கும்போது டிரான்சிஸ்டரை விரல்களால் சற்றே பிடித்துக்கொள்வார்கள். அசல் ஜெர்மேனியமானால் அந்தச் சூட்டுக்கே முள் நகரத் தொடங்கிவிடும்.